பதினெட்டு வயதுக்குப் பிறகு என்ன வேலை? அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக ஓர் ஒப்பீடு

பள்ளி இருக்கும்வரை காலை எட்டரைக்கு வேன் வரும். டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும், சீருடை தேய்க்க வேண்டும், நாளுக்கு ஒரு வடிவம் இருக்கும். அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்ததும் அந்த வேன் வருவதில்லை. ஒன்றிரண்டு ஆண்டுகள் டிவி முன்னால் கழிந்தால், பள்ளியில் படாதபாடு பட்டுக் கற்றுக்கொண்ட பழக்கங்கள் மங்கத் தொடங்குகின்றன. உடம்பு பெருக்கிறது, கோபம் வருகிறது, அம்மா தன் வேலையை விடுகிறார். அதன் பிறகுதான் பல குடும்பங்கள் "ஏதாவது வேலை கிடைக்குமா" என்று விசாரிக்கின்றன. பதினைந்து வயதிலேயே தொடங்க வேண்டிய விசாரணை அது.

தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் முன் இன்று இருப்பவை பெரும்பாலும் நான்கு வழிகள். தொண்டு நிறுவனம் நடத்தும் தொழிற்பயிற்சி மையம். வெளியே ஒரு கடையிலோ ஓட்டலிலோ கம்பெனியிலோ சம்பளத்துக்கு வேலை. இவர்களுக்காகவே தொடங்கப்பட்ட கஃபே, பேக்கரி போன்ற நிறுவனம். கடைசியாக, வீட்டோடு ஒரு சொந்தத் தொழில். தொழிற்பயிற்சிப் பக்கம் வேலை செய்பவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்தில் சில மணி நேரமாவது, சாதாரண இடத்தில், சாதாரண ஆட்களோடு, உண்மையான சம்பளத்துக்குச் செய்யும் வேலையைத்தான் முதலில் முயல வேண்டும். மற்ற மூன்றும் அதற்குத் துணை, அல்லது அது அமையாதபோது கைகொடுப்பவை. நம் ஊரில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. மையத்தில் சேர்ப்பதோடு தேடல் முடிந்துவிடுகிறது.

தொழிற்பயிற்சி மையம்

பேப்பர் கவர், மெழுகுவர்த்தி, பினாயில், ஊதுபத்தி, மிதியடி, கார்த்திகைக்கு அகல் விளக்கு. எந்த ஊர் மையத்துக்குப் போனாலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். கையில் கிடைப்பதற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை, ஊக்கத்தொகை. பல இடங்களில் மாதத்துக்குச் சில நூறு ரூபாய்தான்.

மையங்களைக் குறை சொல்வது எளிது. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. கூச்சலைக் கண்டு காதைப் பொத்திக்கொள்ளும் பையனை அங்கே யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை. வலிப்பு வந்தால் என்ன செய்வதென்று ஊழியர்களுக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார நண்பர் ஒருவர் இருக்கிறார். வெளியே அரைநாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாத, நிறைய உதவி தேவைப்படுகிற பலருக்கு, வீட்டுச் சுவருக்கு வெளியே ஒரே இடம் இதுதான்.

குறை எங்கே என்றால், அங்கே செய்யும் பொருளைத் தேர்ந்தெடுப்பது சந்தை அல்ல. ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த பொருள் எதுவோ அதுவே தொழில் ஆகிவிடுகிறது. தீபாவளிக் கண்காட்சியில் நல்ல மனசுக்காரர்கள் வாங்குவார்கள். ஜூன் மாதத்தில் யார் வாங்குவார்கள்? வாங்க ஆள் இல்லாத பொருளைச் செய்கிறவருக்கு நியாயமான கூலி எங்கிருந்தும் வராது. அதைவிடப் பெரிய குறை, பயிற்சி முடிவதே இல்லை என்பது. இருபது வயதில் கவர் ஒட்டத் தொடங்கியவர் நாற்பதிலும் அதே மேசையில் கவர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். எதற்கான பயிற்சி என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை உலகம் கேட்டுவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்றது. அதன் குழு 2022-ல் வெளியிட்ட விளக்கவுரை, மற்றவர்களிடமிருந்து பிரித்துவைக்கும் பட்டறை வேலையை வேலை உரிமையின் நிறைவேற்றமாகக் கருத முடியாது என்று தெளிவாகச் சொல்கிறது. அமெரிக்காவில் 1938-ன் தொழிலாளர் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்க உரிமம் வழங்க இடம் வைத்தது. அதை எதிர்த்த போராட்டம் இன்றும் ஓயவில்லை. நம் நாட்டின் 1948-ம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலும் மாற்றுத்திறனாளித் தொழிலாளர்களுக்கு விலக்குக் கொடுக்க அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவு ஒன்று இருந்தது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் இப்படிப் பிரித்துவைக்கும் தன் கடைசிப் பட்டறையை 2002-ல் மூடியது. அங்கே பட்டறைக்குச் செலவான பணமும் ஆட்களும் வெளி வேலைக்குத் துணை நிற்பதற்கு மாற்றப்பட்டதால்தான் அது நடந்தது. அந்த ஏற்பாடு எதுவும் இல்லாமல் இங்கே நாளைக்கே மையங்களை மூடினால், எல்லாரும் வீட்டுக்குள்தான் போவார்கள். ஆகவே மையம் வேண்டும். ஆனால் சேர்ப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளில் இங்கிருந்து எத்தனை பேர் வெளி வேலைக்குப் போயிருக்கிறார்கள்? "எங்கள் பிள்ளைகளுக்கு அதெல்லாம் சரிப்படாது" என்று பதில் வந்தால், நீங்கள் பார்ப்பது பகல்நேரப் பராமரிப்பு இடம். அதுவும் ஒரு தேவைதான். அதற்குரிய எதிர்பார்ப்போடு சேருங்கள்.

வெளியே, சம்பளத்துக்கு

"இவனால் வெளியே வேலை செய்ய முடியுமா?" என்பதைவிட, "இந்த வேலையை எப்படிப் பிரித்தால் இவனால் செய்ய முடியும்?" என்ற கேள்விதான் பயன்படும். 1970-களில் மார்க் கோல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், பட்டறைகளில் ஒன்றுக்கும் ஆகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களுக்குப் பதினைந்து பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். பாகங்களைப் பூட்டும் வரிசையிலேயே தட்டில் அடுக்கி வைத்து, அதிகம் பேசாமல், கையால் வழிகாட்டிக் கற்றுக்கொடுத்தார். அவர்களும் பூட்டினார்கள்.

நம் ஊர் மளிகைக் கடையில் இது எப்படி இருக்கும் என்று பார்ப்போம். துவரம்பருப்பை அரைக் கிலோ பொட்டலமாகக் கட்ட வேண்டும். அந்த இளைஞருக்கு எண்கள் தெரியாது. டிஜிட்டல் தராசு அவருக்கு வெறும் சிவப்பு வெளிச்சம். இரண்டு தட்டுத் தராசைக் கொண்டுவந்து, ஒரு தட்டில் அரைக் கிலோ படிக்கல்லை வையுங்கள். இப்போது அவர் படிக்க வேண்டியது எதுவும் இல்லை, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். டிஜிட்டல் தராசுதான் உண்டு என்றால், '500' என்று பெரிதாக எழுதிய அட்டையைத் திரைக்குக் கீழே ஒட்டுங்கள். மேலே தெரிவதும் கீழே இருப்பதும் ஒன்றுபோல இருக்க வேண்டும், அவ்வளவுதான். இருபது பொட்டலம் எண்ணத் தெரியாதா? ஒரு பலகையில் இருபது கட்டம் வரையுங்கள். கட்டம் நிறைந்தால் எண்ணிக்கை முடிந்தது. அப்புறம் சீல் வைப்பது, லேபிள் ஒட்டுவது. லேபிள் எங்கே ஒட்ட வேண்டும் என்று காட்ட, பொட்டலத்தை நுழைக்கிற மாதிரி ஓட்டை வெட்டிய ஓர் அட்டை போதும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு நூறு ரூபாய்கூட வராது.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது: கூட நிற்கிற ஆள். ஜாப் கோச் என்கிறோம். முதல் சில வாரம் அவர் முழு நேரமும் பக்கத்தில் நின்று வேலையைப் பிரித்துக் கொடுப்பார், அந்த இளைஞரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சூப்பர்வைசருக்குக் காட்டுவார். பிறகு ஒரு மணி நேரம், அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் என்று மெதுவாக விலகுவார். அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 1996-ல் தொடங்கிய 'புராஜெக்ட் சர்ச்' (Project SEARCH) திட்டம் இந்த வழியில்தான் நடக்கிறது. இளைஞர்கள் வகுப்பறையில் தயாராகிவிட்டு வேலைக்குப் போவதில்லை. வேலையிடத்திலேயே பல பிரிவுகளில் மாறி மாறிப் பயிற்சி பெறுகிறார்கள். நம் மையங்கள் கட்டடத்துக்கு நன்கொடை திரட்டுகின்றன. இரண்டு ஜாப் கோச்சுக்கு மூன்று ஆண்டுச் சம்பளம் திரட்டினால் அதைவிட அதிகம் பேருக்கு வாழ்க்கை மாறும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேலை போவது பெரும்பாலும் வேலை தெரியாததால் இல்லை. டீ நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அலைவது, பஸ் ரூட் மாறிய நாளில் குழம்புவது, பழகிய சூப்பர்வைசர் மாறிப்போவது, கூட வேலை செய்பவர்களின் கேலி. இவற்றில்தான் போகிறது. அதனால்தான் கோச் முழுவதுமாக விலகக் கூடாது, மாதம் ஒருமுறையாவது எட்டிப்பார்க்க வேண்டும். வீட்டாரின் பங்கும் உண்டு. நேரத்துக்கு எழுந்து, குளித்து, தானே பஸ் ஏறி இறங்கும் பழக்கம் வேலை கிடைத்த பிறகு கற்றுத்தர வேண்டியது அல்ல.

மகள்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பையனை அனுப்பும் குடும்பம்கூடப் பெண்ணை அனுப்பத் தயங்குகிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வீட்டில் வைத்திருப்பது மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது. யார் தொடலாம், யார் தொடக் கூடாது, பிடிக்காததற்கு எப்படி மறுப்பது, யாரிடம் போய்ச் சொல்வது என்பதைப் படங்கள் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பெண்கள் அதிகம் இருக்கும் இடமா, கழிப்பறை எப்படி இருக்கிறது, போய்வர யார் துணை என்று நேரில் பார்த்து முடிவெடுங்கள். தையல் கூடம், மருத்துவமனைச் சலவைப் பிரிவு, பள்ளிச் சமையலறை போன்ற இடங்களில் நல்ல வாய்ப்பு உண்டு.

பெங்களூரில் எஸ்.ஏ.பி. லேப்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் 2011-லேயே ஆட்டிசம் உள்ளவர்களை மென்பொருள் சோதனைக்கு எடுக்கத் தொடங்கியது. ஊடகங்களில் அதிகம் வருவது இதுபோன்ற கதைகள்தான். மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் அது ஒரு சிறு பகுதியினருக்கான வழி. உங்கள் தெருமுனை டிபார்ட்மென்ட் ஸ்டோர்தான் பெரும்பாலானவர்களுக்கு எஸ்.ஏ.பி.

அரசு வேலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்கியது. பழைய 1995-ம் ஆண்டுச் சட்டத்தின் 3 சதவீதத்தில் அறிவுசார் குறைபாட்டுக்கும் ஆட்டிசத்துக்கும் பங்கே இல்லை. இப்போது ஒரு சதவீதம் இருக்கிறது. அதையும் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாம் சேர்ந்து பகிர்ந்துகொள்ள வேண்டும். எழுத்துத் தேர்வு வழியாகத்தான் உள்ளே போக முடியும் என்றால், மிதமான அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு அந்தக் கதவு காகிதத்தில்தான் திறந்திருக்கிறது. விண்ணப்பியுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

அவர்களுக்காகவே ஒரு நிறுவனம்

மும்பை ஜூஹூவில் 2018-ல் தொடங்கிய அர்பன் (Arpan) கஃபே, ஹுப்பள்ளியில் 2017-ல் தொடங்கி இன்று பல நகரங்களில் இருக்கும் மிட்டி கஃபே, சென்னை காமராஜர் சாலையில் லேடி வெலிங்டன் வளாகத்து 'மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்' கஃபே. இவற்றைப் பார்த்துவிட்டு, "நாம் நாலு பெற்றோர் சேர்ந்து ஒரு கஃபே போட்டால் என்ன?" என்று கேட்காத பெற்றோர் குழுவே இல்லை.

போடலாம். ஆனால் மிட்டி கஃபே எங்கெங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். கல்லூரி வளாகம், கம்பெனி அலுவலகம், விமான நிலையம். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே ஒன்று திறக்கப்பட்டது. அதாவது வாடிக்கையாளர் ஏற்கெனவே உள்ளே இருக்கும் இடங்கள். மெயின் ரோட்டில் முன்பணமும் மாத வாடகையும் கொடுத்து, நடந்து போகிறவர்களை நம்பித் திறக்கும் கடையின் கணக்கு முற்றிலும் வேறு. அங்கே நட்டம் வந்தால் முதலில் நிற்பது சம்பளம்தான். ஆகவே கையில் இடம் இல்லாத குழு, கல்லூரி அல்லது அலுவலகக் கேண்டீனுக்குள் ஒரு மூலை கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் ஆர்டரின் பேரில் சுண்டல், கடலை மிட்டாய், மீட்டிங் ஸ்நாக்ஸ் பாக்ஸ் என்று தொடங்குங்கள்.

இந்த வழியில் நான் அதிகம் மதிக்கும் உதாரணம் கஃபே அல்ல, சாக்பீஸ் தொழிற்சாலை. ஜப்பானின் கவாசாகியில் இருக்கும் நிஹோன் ரிககாகு கோக்யோ நிறுவனம் 1960-ல் அறிவுசார் குறைபாடுள்ள இரண்டு பெண்களை வேலைக்கு எடுத்தது. இன்று அதன் ஊழியர்களில் 70 சதவீதத்துக்கு மேல் அப்படிப்பட்டவர்கள். மூலப்பொருளை எடைபோட அங்கே எண் தெரிய வேண்டாம்: சிவப்புப் பாத்திரத்துப் பொருளுக்குச் சிவப்பு எடைக்கல், நீலத்துக்கு நீலக்கல். கடிகாரம் பார்க்கத் தெரியாதவர்களுக்கு மணல் கடிகாரம். கவனிக்க வேண்டியது, ஆசிரியர்கள் அந்தச் சாக்பீஸை வாங்குவது நன்றாக எழுதுகிறது என்பதற்காக. விற்பனை பரிதாபத்தை நம்பி இல்லாதபோது சம்பளமும் நின்றுபோவதில்லை.

இந்த வழியின் பலவீனம், நிறுவியவரின் உடல்நலம். பெரும்பாலும் ஒரு பெற்றோரின் தவிப்பில் பிறந்த நிறுவனம் அவர் ஓய்ந்ததும் ஓய்ந்துவிடுகிறது. முதல் நாளிலிருந்தே சம்பளம் வாங்கும் மேலாளர் ஒருவர், பெற்றோர் அல்லாத ஒருவர், இல்லாமல் தொடங்க வேண்டாம் என்பேன்.

வீட்டோடு ஒரு தொழில்

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தில் இருப்பவருக்கு ஜாப் கோச்சும் கிடையாது, கஃபேயும் கிடையாது. ஆடு வளர்ப்பு, பெட்டிக்கடை, இட்லி மாவு, ஜெராக்ஸ் மெஷின் இவைதான். தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகம் குறைந்த வட்டியில் கடன் தருகிறது. பிள்ளையால் ஒப்பந்தம் செய்ய முடியாவிட்டால் பெற்றோர் வழியாகக் கேட்கலாம்.

இங்கே நடக்கும் தவறு எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடன் அவன் பெயரைச் சொல்லி வாங்கியது, அதிகாலை நாலு மணிக்கு எழுந்து மாவு ஆட்டுவது அம்மா. அவன் திண்ணையில். இதைத் தவிர்க்க, தொழிலுக்குள் ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவுவரை அவருடையதாக ஆக்குங்கள். ஆடு என்றால் காலையில் பட்டியைத் திறப்பது, தண்ணீர் காட்டுவது, தழை கட்டுவது, மாலையில் அடைப்பது முழுக்க அவர் பொறுப்பு. மாவு என்றால் பாக்கெட் போட்டு நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் பொறுப்பு. கொண்டுபோய்க் கொடுப்பதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், வீட்டுத் தொழிலில் அவர் இழப்பது மனிதர்களை. நாலு வாசலில் "வாப்பா, சாப்பிட்டியா" என்று கேட்க ஆள் வேண்டும். வருமானத்தில் அவர் பங்கு அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். பிற்பாடு தொழில் அண்ணன் கைக்கோ தங்கை கைக்கோ போகும்போது, அவருக்கு அதில் ஓர் இடம் இருந்தது என்பதற்கு அந்தக் கணக்குப் புத்தகமே சாட்சி.

உதவித்தொகை நின்றுவிடுமா?

வேலைக்கு அனுப்பத் தயங்கும் பலர் வெளியே சொல்லாத காரணம் இது. தமிழ்நாடு அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். நிலையில்லாத ஒரு வேலைக்காக நிலையான பணத்தை விடுவதா என்று யோசிப்பதில் தப்பில்லை. சேர்வதற்கு முன்பே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குடும்ப ஓய்வூதியம் வரக்கூடிய வீடுகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மத்திய அரசு ஊழியர் குடும்பங்களுக்கு 2021-ல் விதி தளர்ந்தது. மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் மொத்த வருமானம், இறந்த ஊழியர் அல்லது ஓய்வூதியதாரர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம், அதோடு அகவிலை நிவாரணம் சேர்ந்த தொகைக்குக் குறைவாக இருந்தால் ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் பெறலாம். மாநில அரசு, வங்கி, ரயில்வே என்று இடத்துக்கு இடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, யாருக்கு எது?

தானாகக் கழிப்பறை போய்வருகிற, சொன்னதைச் செய்கிற, அடிக்கடி கோபத்தில் பிறரைத் தாக்காத யாராக இருந்தாலும் வெளி வேலையை முதலில் முயலுங்கள். பேச்சு வராது, எழுதப் படிக்கத் தெரியாது என்பதெல்லாம் தடையே இல்லை. முழு நாள் வேண்டாம், நாலு மணி நேரம் போதும். மையத்தையும் ஒரேயடியாக விட வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் கடை, இரண்டு நாள் மையம் என்று வைத்தால் நண்பர்களும் இருப்பார்கள், வேலை போனால் திரும்பி வர இடமும் இருக்கும். பல மையங்கள் "இங்கேயா அங்கேயா ஒன்றைச் சொல்லுங்கள்" என்பார்கள். பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் இறங்கி வருவார்கள்.

சத்தமும் கூட்டமும் தாங்காத ஆட்டிசம் உள்ளவருக்குக் கஃபே மோசமான தேர்வு, எவ்வளவு அன்பானவர்கள் நடத்தினாலும். கிடங்கு, நூலகம், நாற்றுப்பண்ணை, ஸ்கேனிங் வேலை பாருங்கள். ஆட்களோடு பழகுவதில் சந்தோஷம் காணும் டவுன் சிண்ட்ரோம் பெண்ணைக் கிடங்கில் தனியே உட்கார வைப்பதும் அதே அளவு தவறு. நிறைய உதவி வேண்டியவருக்கு நல்ல மையமே சரி, ஆனால் அங்கேயும் அவருக்கென்று ஒரு வேலை இருக்க வேண்டும், வெறும் இருக்கை அல்ல. கிராமத்தில் இருந்தால் வீட்டுத் தொழில், வெளி வாடிக்கையாளரோடு.

கடைக்காரரிடம் கேட்கும்போது "வேலை கொடுங்கள்" என்று தொடங்காதீர்கள். "உங்கள் ஆட்கள் நேரமில்லாமல் தள்ளிப்போடுகிற வேலை எது?" என்று கேளுங்கள். பொட்டலம் கட்டுவது, அலமாரி அடுக்குவது, காலி டப்பா பிரிப்பது என்று எல்லா இடத்திலும் ஒன்று இருக்கும். ஒரு மாதம், தினம் இரண்டு மணி நேரம், கூட ஓர் ஆளை நாங்கள் அனுப்புகிறோம், அந்த மாதத்துக்கும் மணிக்கணக்கில் கூலி உண்டு, சரிப்பட்டால் சம்பளப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும் என்று பேசி, அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். யு.டி.ஐ.டி. அட்டையின் (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் கையில் இருக்கட்டும்.